பனம்பழம் விழுந்து சன்ரூஃப் கண்ணாடி நொறுங்கியது: காப்புறுதிக்கு எப்படி அறிவிப்பது, கண்ணாடியை எப்படி மாற்றுவது?

கேள்வி (கோண்டாவில், யாழ்ப்பாணம்)

வணக்கம். கடந்த சனிக்கிழமை உடுப்பிட்டியில் உறவினர் ஒருவரின் எட்டுச் செலவுக்குக் குடும்பத்துடன் சென்று இரவு அங்கேயே தங்கினோம். முற்றத்தில் பந்தல் போட்டிருந்தபடியால் வாகனத்தைக் கிணற்றடிப் பக்கமாகப் பனைகளின் கீழே நிறுத்த வேண்டியதாயிற்று. விடியற்காலை நாலரை மணியளவில் வெடி வெடித்தது போன்ற சத்தம் கேட்டு ரோச் லைற்றுடன் ஓடிப்போய்ப் பார்த்தபோது, சன்ரூஃப் இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. முன் சீற்றுகள் இரண்டிலும் கற்கண்டுத் தூள் கொட்டியது போலக் கண்ணாடி நிறைந்திருக்க, அதன் நடுவே, கியர் லீவருக்குப் பக்கத்தில், ஒரு பனம்பழம் கிடந்தது. கூரையின் உட்துணியில் பனங்களி தெறித்திருந்தது.

பிள்ளைகள் இருந்த வீடு என்பதால் பெரியவர்கள் உடனே கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளி ஒரு உரப்பையில் போட்டுவிட்டார்கள். காலையில் ஓட்டையின் மேல் பொலித்தீன் விரித்து ரேப் ஒட்டிக்கொண்டு நான் வாகனத்தை வீட்டுக்கு ஓட்டி வந்தேன். வல்லை வெளியைக் கடக்கும்போது காற்று பொலித்தீனை மேலே இழுத்து ஊதவைத்தது. சட்டத்தில் ஒட்டியிருந்த மிச்சத் துண்டுகளும் பின் சீற்றில் இருந்த மகளின் மடியில் விழத் தொடங்கியதால், மிக மெதுவாகத்தான் வந்து சேர முடிந்தது.

வீட்டுக்கு வந்த பின்னரே காப்புறுதி நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். பேசியவர், சன்ரூஃப் கண்ணாடி முன் கண்ணாடிக்கான காப்பில் அடங்காது என்றும், இவ்வகைக் கண்ணாடிகள் தாமாகவே வெடிப்பதுண்டு என்பதால் காரணத்தை நிரூபிக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். வாகனத்தை இடம் மாற்றியதும் பிழை என்றார். நண்பர் ஒருவரோ, வீட்டு வாசலில் நிற்கும்போது நடந்ததாகச் சொல்லிவிட்டால் கேள்வி வராது என்கிறார். என்னுடையது முழுக் காப்புறுதி. ஐந்து ஆண்டுகளாக இழப்பீடு எதுவும் கோரியதில்லை. ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த 2014 ஆம் ஆண்டு ஜீப். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் இதை முடித்தாக வேண்டும். நான் இப்போது செய்ய வேண்டியது என்ன? நகரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் அளவுக்கு வெட்டித் தருவதாகச் சொல்கிறார்கள், அது சரிவருமா?

பதில் (வாகன மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மானிப்பாய்)

தம்பி, முதலில் நண்பர் சொன்னதை மறந்துவிடுங்கள். நடந்த இடத்தை மாற்றிச் சொல்வது பொய்யான கூற்று. அது வெளிப்பட்டால் நியாயமாகக் கிடைக்க வேண்டிய இழப்பீடும் இல்லாமற் போகும். வாகனத்தை நகர்த்தியதை மறைக்க வேண்டிய தேவையும் இல்லை, ஏனென்றால் சேதம் மேலும் பெருகாமல் வாகனத்தைப் பாதுகாப்பது உரிமையாளரின் கடமை என்று ஒப்பந்தங்களிலேயே எழுதியிருக்கும். எத்தனை மணிக்கு, எங்கே, எப்படி நடந்தது, கண்ணாடியை ஏன் கூட்டினீர்கள், ஏன் ஓட்டி வந்தீர்கள் என்பதை உள்ளபடி ஒரு தாளில் எழுதி, திகதியிட்டுக் கையொப்பமிட்டு நிறுவனத்துக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்பத்துடன் ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, தயவுசெய்து வாகனத்தைக் கழுவ வேண்டாம். உங்கள் சாட்சி அந்தப் பனங்களிதான். சன்ரூஃபைச் சுற்றியிருக்கும் றப்பரிலும் உட்துணியிலும் காய்ந்து ஒட்டியிருக்கும் மஞ்சள் தும்பை, கிட்ட வைத்தும் எட்ட நின்றும் படமெடுங்கள். உரப்பையில் உள்ள துண்டுகளையும் எறிந்துவிட வேண்டாம். அந்தப் பழம் இன்னும் கிடக்கிறதா என்று உடுப்பிட்டியில் கேளுங்கள், கிடந்தால் அதையும், வாகனம் நின்ற இடத்தையும், மேலே நிற்கும் பனையையும் ஒரே படத்தில் வரும்படி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். (ஆனால் அந்தப் பழத்தை மாட்டுக்குப் போட விட வேண்டாம். களிக்குள் கண்ணாடி புதைந்திருக்கும்.) அந்த வீட்டார் ஒருவரிடம் நேரில் கண்டதைக் கடிதமாக வாங்கிக்கொண்டால் மேலும் நல்லது.

நிறுவனம் காரணத்தைக் கேட்பதில் பிழையில்லை. சன்ரூஃப் கண்ணாடி பெரும்பாலும் ரெம்பர்ட் கண்ணாடி. 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, உடனே காற்றை அடித்துக் குளிரவைப்பார்கள். அதனால் மேற்பரப்பு அழுத்தத்திலும் நடுப்பகுதி இழுவிசையிலும் நிரந்தரமாக இருக்கும். எங்காவது ஒரு வெடிப்பு அந்த நடுப்பகுதியைத் தொட்டால் முழுக் கண்ணாடியும் ஒரே கணத்தில் சிறு துண்டுகளாகிவிடும். கண்ணாடி உருகும்போது கலந்துவிட்ட நிக்கல் சல்பைட்டுத் துணிக்கை ஒன்று ஆண்டுகள் கழித்துப் பருமன் கூடினாலும், விளிம்பில் பழைய காயம் ஒன்று இருந்தாலும், வெளியடி எதுவும் இல்லாமலே உடையக்கூடும். அப்படித் தானாக உடைந்தால், அதை விபத்து என்று பாராமல் தேய்மானம் அல்லது உற்பத்திக் குறை என்று கொண்டு கோரிக்கையை மறுப்பதற்கு இடமுண்டு. உங்களுடையது மேலிருந்து விழுந்த பொருளால் நேர்ந்த சேதம், அதாவது வெளிப்புறக் காரணத்தால் வந்த விபத்து. பனங்களிப் படங்கள் அதைத்தான் காட்டப்போகின்றன.

இனிப் பணக் கணக்கு. முன் கண்ணாடிக் காப்பு என்பது பல ஒப்பந்தங்களில் தனியாக ஒரு தொகை குறித்துக் கொடுக்கப்படும் சேர்க்கை. அதில் முன் கண்ணாடி என்று மட்டும் எழுதியிருந்தால் சன்ரூஃப் அதற்குள் வராது. எல்லாக் கண்ணாடிகளும் என்று எழுதியிருந்தால் வாதாட இடமுண்டு. தொலைபேசியில் சொன்னதைக் கணக்கில் எடுக்காமல் ஒப்பந்தத்தின் வாசகத்தையே பாருங்கள். அதில் அடங்காவிட்டாலும் கோரிக்கை அத்துடன் முடிந்துவிடாது, வாகனத்துக்கான பொதுச் சேதக் காப்பின் கீழ் அதை முன்வைக்கலாம். அப்போது நீங்கள் முதலில் ஏற்க வேண்டிய தொகை கழியும், நோ கிளெய்ம் போனசும் (இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகக் கட்டுப்பணத்தில் கிடைக்கும் கழிவு) குறையலாம். உதாரணமாக, கழிவுக்கு முந்திய ஆண்டுக் கட்டுப்பணம் 1,20,000 ரூபாய், உங்கள் போனஸ் 50 வீதம் என்று வைத்தால், அதை முழுதாக இழப்பது அடுத்த ஆண்டில் மட்டும் 60,000 ரூபாய். மீண்டும் அந்த 50 வீதத்துக்கு ஏறச் சில ஆண்டுகள் செல்லும். ஆகவே கண்ணாடி, உட்துணி, தண்டவாளம், வேலைக்கூலி எல்லாம் சேர்த்து எழுத்தில் ஒரு மதிப்பீடு வாங்கி, இரண்டையும் ஒப்பிட்ட பின்னர் முடிவெடுங்கள். அறிவிப்பது வேறு, கோருவது வேறு. அறிவிப்பை மட்டும் தாமதிக்க வேண்டாம்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்படும்வரை பழைய வாகனங்களின் விலை பெரிதாக ஏறியது, ஆனால் காப்புறுதித் தொகையைப் பலர் பழைய விலையிலேயே விட்டுவிட்டார்கள். வாகனத்தின் சந்தைப் பெறுமதி 100 இலட்சமாக இருக்க நீங்கள் 70 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், சேதத்திலும் 70 வீதத்தையே தருவதற்கு ஒப்பந்தத்திலுள்ள குறைக் காப்புறுதி நிபந்தனை இடமளிக்கலாம். வாகனம் லீசிங்கில் இருந்தால், பணமாகத் தீர்க்கும்போது லீசிங் நிறுவனத்தின் சம்மதக் கடிதத்தையும் கேட்பார்கள்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதன்மேல் நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதி, திருப்தியான பதில் வராவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம். 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் காப்புறுதிச் சட்டத்தின் கீழ் இத்துறையை ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் இருக்கிறது.

பதில் (வாகனக் கண்ணாடி வேலை செய்பவர், சுன்னாகம்)

கண்ணாடிக் கடையில் வெட்டிப் போடும் யோசனையை விட்டுவிடுங்கள். ரெம்பர்ட் கண்ணாடியைச் செய்து முடித்த பின்னர் வெட்டவோ துளையிடவோ முடியாது, அளவுக்கு வெட்டித் துளையிட்ட பின்னர்தான் சூடேற்றுவார்கள். ஆகவே அவர்கள் வெட்டித் தருவது யன்னலுக்குப் போடும் சாதாரணக் கண்ணாடியாகவே இருக்கும். அது உடைந்தால் கத்தி போன்ற நீண்ட துண்டுகளாகத் தலைக்கு மேலிருந்து விழும். அதைப் பொருத்தித் தரும்படி கேட்டு வந்தவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

செசி நம்பரைக் கொடுத்துக் கண்ணாடி தேடுங்கள். வெளித் தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கும் மொடல்களிலும் கீழே திருகாணி பிடிக்கும் காதுகள் வேறாக இருப்பதுண்டு. புதிதாகக் கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றிய கண்ணாடி தேடலாம். வாங்கும்போது விளிம்பை விரல் நகத்தால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ரெம்பர்ட் கண்ணாடி நடுவில் படும் அடியை ஓரளவு தாங்கும், விளிம்பில் ஒரு சிறு கொத்து இருந்தால் தாங்காது. 400 கிலோமீற்றர் பாதையில் வரும்போது படுக்கவைத்து மேலே சாமான் அடுக்காமல், மூலைகளுக்கு றெஜிபோம் வைத்து நிமிர்த்திக் கட்டி அனுப்பச் சொல்லுங்கள். இறக்குமதிக் கண்ணாடியானால், வட்டத்துக்குள் ஆங்கில E எழுத்தும் எண்ணும், பக்கத்தில் 43R என்ற பாதுகாப்புத் தரக் குறியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கண்ணாடி வரும்வரை சன்ரூஃப் சுவிச்சை யாரும் தொடக்கூடாது. இரு பக்கத் தண்டவாளத்திலும் துகள்கள் கிடக்கும். மோட்டார் ஒருமுறை ஓடினால் அவை பிளாஸ்ரிக் வழுக்கிகளை அரைத்துவிடும். பிறகு கண்ணாடிச் செலவோடு முழுத் தொகுதியின் செலவும் வந்து சேரும். சட்டத்தில் மிஞ்சியிருக்கும் துண்டுகளைத் தடித்த கையுறை போட்டு எடுத்து, வக்கியூமால் உறிஞ்சி, ஓட்டையைப் படங்கால் மூடி, அதைக் கதவுகளுக்குள்ளால் கட்டுங்கள். நம்முடைய வெயிலில் ரேப்பின் பசை இரண்டு நாளில் பெயின்றோடு வெந்து ஒட்டிவிடும்.

மழைதான் உங்கள் கவலை என்றால் ஒன்றைச் சொல்ல வேண்டும். சன்ரூஃப் நீரை முழுதாகத் தடுப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. றப்பரைத் தாண்டி வரும் நீரைச் சுற்றியுள்ள பீலி வாங்கி, நான்கு மூலைகளிலுள்ள குழாய்கள் தூண்களுக்குள்ளால் கீழே இறக்குகின்றன. உங்கள் கண்ணாடித் துகள்கள் இப்போது அந்தப் பீலியிலும் இருக்கும். அவற்றை எடுக்காமல் புதுக் கண்ணாடியைப் பூட்டினால், முதல் பெருமழைக்கு நீர் கூரைத் துணியில் இறங்கும், நீங்கள் றப்பரில் குற்றம் காண்பீர்கள். குழாய்க்குள் கம்பி விடுவதும் கொம்பிரஸர் காற்றைப் பலமாக அடிப்பதும் வேண்டாம், உள்ளே இணைப்புக் கழன்றால் கூரைத் துணியை இறக்காமல் பார்க்க முடியாது.

பதில் (நெல்லியடி)

எனக்கும் இரண்டு வருடத்துக்கு முன்னர் இதுவே நடந்தது. ஆவணி, புரட்டாதியில் பனையின் கீழ் வாகனம் நிறுத்துவதை அன்றோடு விட்டேன். என் ஒப்பந்தத்தில் எல்லாக் கண்ணாடிகளும் என்று இருந்தது, போனஸ் குறையவில்லை. வாசகத்தைப் பாருங்கள் என்று பெரியவர் சொன்னது முக்கியமானது.

கேட்டவர் (கோண்டாவில்), பதினெட்டு நாட்களின் பின்

உதவிய அனைவருக்கும் மிக்க நன்றி. ஐயா சொன்னபடி உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். மதிப்பீட்டாளர் நேரில் வந்து, றப்பரின் பின் மூலையில் காய்ந்திருந்த பனந்தும்பைப் பேனா முனையால் கிளப்பிப் பார்த்துவிட்டு, அதற்கு மேல் காரணம் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உடுப்பிட்டியில் பெரியம்மா பழத்தை வேலியோரம் எறிந்திருந்தார். அதைத் தேடியெடுத்துத் தராசில் வைத்துப் படமெடுத்து அனுப்பினார்கள், ஒரு கிலோ அறுநூறு கிராம்.

என் ஒப்பந்தத்தில் முன் கண்ணாடி என்றுதான் இருந்தது. உட்துணியும் மாற்ற வேண்டியிருந்ததால் மதிப்பீடு போனஸ் இழப்பை விடத் தெளிவாகக் கூடியது, எனவே பொதுச் சேதமாகக் கோரினேன். எழுத்தில் ஏற்றுக்கொண்டார்கள். காப்புறுதித் தொகையையும் இன்றைய விலைக்கு உயர்த்திவிட்டேன்.

கண்ணாடி பஞ்சிகாவத்தையிலிருந்து லொறியில் பத்திரமாக வந்தது. பூட்டுவதற்கு முன் பீலியின் ஒவ்வொரு மூலையிலும் செம்பால் மெதுவாக நீர் ஊற்றிப் பார்த்தோம். மூன்று மூலைகளில் ஊற்றியது வாகனச் சில்லுகளின் பின்னே உடனே இறங்கியது, பின் இடது மூலையில் மட்டும் தேங்கியது. மெல்லிய நைலோன் நரம்பை விட்டு அசைத்தபோது ஐந்தாறு கண்ணாடித் துகள்கள் நீரோடு வெளியே வந்தன. ஒன்று மட்டும் மிச்சம்: 60 கிலோமீற்றர் வேகத்துக்கு மேலே ஊளையிடுவது போல ஒரு காற்றுச் சத்தம் வருகிறது.

பதில் (சுன்னாகம்)

கண்ணாடியின் முன் விளிம்பு கூரையை விட உயர்ந்து நிற்கிறது. ஒரு தாளைக் குறுக்கே இழுத்துப் பார்த்தால் தட்டும். முன் பக்கத் திருகாணிகள் இரண்டையும் தளர்த்தி, முன் விளிம்பு கூரையோடு சமமாக, அல்லது ஒரு மில்லிமீற்றர் தாழ்வாக இருக்கும்படி வைத்து இறுக்குங்கள். பின் விளிம்பு சற்று உயர்ந்திருக்கலாம், தாழ்ந்திருக்கக்கூடாது. பிறகு சன்ரூஃப் ஒரே அழுத்தில் முழுதாகத் திறந்து மூடுகிறதா என்று பாருங்கள். இடையில் நின்றால் மோட்டாருக்கு நிலையைப் புதிதாகப் பதிய வேண்டும், அந்த முறை வாகனத்தின் கையேட்டில் இருக்கும்.

கேட்டவர்

சரியாகச் சொன்னீர்கள் அண்ணா, வலது முன் மூலையில் தாள் தட்டியது. இறக்கி இறுக்கிய பின்னர் நேற்று மாலை வல்லை வெளியால் ஓடிப் பார்த்தேன், சத்தம் இல்லை. இரவு பெய்த மழையிலும் உட்துணி காய்ந்தே இருக்கிறது.