செவ்வாயின் வட துருவப் பள்ளங்கள்: ஒரு சரிவில் மட்டும் அடுக்குகள் தெரிவது ஏன்?

கேள்வி – பனிவரி
செவ்வாயின் வட துருவப் பனிப்பரப்பில் உள்ள சுருள் பள்ளம் ஒன்றின் ஹைரைஸ் (செவ்வாயைச் சுற்றும் விண்கலத்தின் நுண்படக் கேமரா) படத்தில், பனியும் தூசியும் கலந்த அடுக்குகளை அளக்கிறேன். நிலநடுக்கோட்டைப் பார்த்த சரிவில் வரிவரியாக அடுக்குகள். எதிர்ச்சரிவில் வெண்பனி மட்டுமே. காற்று அரித்த பள்ளம் என்றால் இரு பக்கமும் தெரிய வேண்டாமா? ஒரு வரியின் அகலம் 100 மீட்டர் வருகிறது. அதையே தடிமனாகக் கொள்ளலாமா? பக்கத்துப் பள்ளத்தில் அதே வெளிர்–கருமை வரிசையும் கிடைக்கவில்லை.

மறுமொழி – சரிவுக்கோணம்
கூடாது. அது கிடைமட்ட அகலம். அடுக்கு ஏறக்குறைய மட்டமாகக் கிடக்கிறது என்று கொண்டால், தடிமன் = அகலம் × டேன்(சரிவு). 8° சரிவில் 14 மீட்டர். சரிவை 7° என எடுத்தால் 12.3, 9° என்றால் 15.8. ஒரு டிகிரிப் பிசகுக்கே இவ்வளவு வேறுபாடு வருவதால், சரிவை ஹைரைஸ் இரட்டைப் படங்களிலிருந்து (ஒரே இடத்தை இரு கோணங்களில் எடுத்தவை) செய்த உயரமாதிரியில் எடுங்கள். மோலா என்ற லேசர் உயரமானி தந்த உயரங்கள் இதற்குப் போதாது. 87° வடக்குக்கு மேல் அதில் பெரும்பகுதி நேரடி அளவீடல்ல, பக்கத்து அளவுகளிலிருந்து நிரப்பிய இடைக்கணிப்புதான்.

மறுமொழி – துருவக்காற்று
பள்ளத்தை வெட்டி முடித்துவிட்ட வாய்க்கால் போல நினைப்பதில்தான் சிக்கல். அரிப்பும் படிவும் அங்கே ஒரே காலத்தில் நடக்கின்றன. நிலநடுக்கோட்டைப் பார்த்த சரிவில் வெயில் கூடுதலாக விழுந்து பனி நேரடியாக ஆவியாகிறது. துருவத்திலிருந்து இறங்கும் கனத்த குளிர்காற்று அந்த ஆவியையும் பனித்துகளையும் கொண்டுபோய் எதிர்ச்சரிவில் சேர்க்கிறது. பழைய அடுக்குகள் ஒரு பக்கம் வெளிப்பட, மறுபக்கம் புதுப்பனியால் மூடிக்கொள்கிறது. பள்ளமே துருவத்தை நோக்கி நகர்ந்தபடி மேலேறுகிறது. பனிக்கு அடியில் ஊடுருவிப் பார்க்கும் ஷராட் என்ற விண்கல ரேடாரின் தரவில் ஆய்வாளர்கள் ஸ்மித்தும் ஹோல்ட்டும் 2010-இல் காட்டியது இதைத்தான்: பள்ளம் முன்பு இருந்த இடங்கள் பனிக்குள் அடுக்கு முறிவுகளாகப் பதிந்திருக்கின்றன.

மறுமொழி – சரிவுக்கோணம்
வெளிர்–கருமையை வைத்து அடுக்குகளைப் பொருத்தாதீர்கள். பனி ஆவியானபின் தங்கும் தூசியும் மேலே படியும் உறைபனியும் அடுக்கின் உண்மை நிறத்தை மறைத்துவிடும். எந்த அடுக்கு எவ்வளவு துருத்தி நிற்கிறது என்பது நம்பகமான அடையாளம். 1 மீட்டர் கட்டமுள்ள உயரமாதிரியில் அது தெளிவாகக் கிடைக்கும். பருவகால கரியமிலப் பனி நீங்கிய வடகோடைப் படங்களையே எடுங்கள்.

கேள்வி – பனிவரி
நன்றி. ஷராட் படத்தில் எதிரொலிகளாகத் தெரியும் கோடுகளோடு இந்த அடுக்குகளை ஒன்றுக்கொன்று இணைக்கலாமா?

மறுமொழி – துருவக்காற்று
ஒன்றுக்கொன்று இணையாது. பனிக்குள் ஷராட்டின் செங்குத்துப் பிரிதிறன் ஏறக்குறைய 9 மீட்டர். ஹைரைஸில் அதைவிட மெல்லிய அடுக்குகள் தெரியும். ஒரு ரேடார் கோடு பல அடுக்குகளின் கூட்டு எதிரொலியாக இருக்கலாம். ஆழம் கணிக்க, பனிக்குள் ரேடார் அலையின் வேகத்தைத் தீர்மானிக்கும் மின்காப்பு மாறிலியை 3.1 எனக் கொண்டால், போய்த் திரும்பும் 1 மைக்ரோ நொடிக்கு 85 மீட்டர். 3.5 எனக் கொண்டால் 80 மீட்டர். 2 கிலோமீட்டர் ஆழத்தில் இந்த வேறுபாடு நூறு மீட்டரைத் தாண்டும். பள்ளங்களுக்கு அருகே இன்னொன்றும் அவசியம்: பக்கத்துச் சரிவுகளில் பட்டுத் தாமதமாகத் திரும்பும் எதிரொலிகள் அடியடுக்குபோலவே தோன்றும். மேற்பரப்பு உயரங்களிலிருந்து கணித்த போலி எதிரொலிப் படத்தை அருகில் வைத்து, இரண்டிலும் வரும் கோடுகளை முதலில் நீக்கிவிடுங்கள்.