மறு: ‘எஸ்கேப்’ குறிக்கு விடுபடு, காப்பு, விலக்கு?

நண்பர்களுக்கு வணக்கம்.

நிரலில் ஓர் எழுத்தின் வழக்கமான வேலையை மாற்ற அதன் முன்னால் இடும் ‘எஸ்கேப்’ குறியைத் தமிழில் எப்படி அழைக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். ‘விடுபடு குறி’ எனக்கு ஒப்பவில்லை. யார் எதிலிருந்து விடுபடுகிறார்கள்? மொரீஷியஸின் தெற்கே லெஸ்காலியே என்று ஓர் ஊர். தமிழில் எழுதினால் தொல்லையில்லை. பிரெஞ்சு எழுத்தில் முதலெழுத்தை அடுத்து ஒற்றை மேற்கோள் நிற்கும்: ல'எஸ்காலியே. அதைக் கண்டதும் சரம் (மேற்கோள்களுக்குள் அடைத்த எழுத்துத் தொடர்) முடிந்துவிட்டதென்று எண்ணும் தரவுத்தளம், மிச்சத்தைக் கட்டளையாகப் படித்துத் தடுமாறுகிறது. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் முன்னால் ஒரு பின்சாய்வு இட்டால், \' என்று, சரியாகிவிடும். மேற்கோள் எங்கும் தப்பி ஓடவில்லை. சரத்தை மூடும் வேலையிலிருந்து அதற்கு விலக்கு, அவ்வளவுதான். ஆகவே ‘விலக்குக்குறி’.

விசைப்பலகையில் எஸ்கேப் விசையைத் தந்த கணினி நிரலாளர் பாப் பீமர், ஒரு குறித்தொகுதியிலிருந்து (எழுத்துகளுக்கு எண் தரும் அட்டவணையிலிருந்து) வெளியேறி இன்னொன்றுக்குள் போவதற்கென அதை நினைத்தார். அங்கே ‘விடுபடு’ பொருந்தும், சரத்துக்குள் பொருந்தாது.

‘காப்புக்குறி’ என்ற யோசனை அழகானது. தைப்பூசக் காவடிக்குக் காப்புக் கட்டியவர் வழக்கமானவற்றைத் தவிர்ப்பதுபோல என்ற விளக்கத்தை இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் காப்புநகல், காப்புரிமை என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே சுமை அதிகம்.

\ந என்றால் புதுவரி என்று வைத்துக்கொண்டால் அங்கே விலக்கு எது என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. ‘ந’வும் எழுத்தாக நிற்கும் வேலையிலிருந்து விலக்குப் பெற்றுத்தான் வேறு வேலைக்குப் போகிறது. கொஞ்சம் இழுத்துப் பிடித்த விளக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்: பின்சாய்வு வடிவத்தின் பெயர், விலக்குக்குறி பணியின் பெயர், இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. தரவுத்தளங்களுக்குக் கட்டளை எழுதும் மொழியான எஸ்கியூஎல்லின் தரப்படி மேற்கோளை இரட்டித்து '' என்று எழுத வேண்டும். அங்கே மேற்கோளே மேற்கோளுக்கு விலக்குக்குறி. போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில், 9.1 பதிப்பு முதல் சாதாரணச் சரத்தில் பின்சாய்வு வெறும் பின்சாய்வுதான்.

வினைச்சொல் ‘விலக்கிடு’. இரண்டு முறை விலக்கிடும் பிழைக்கும் ஒரு பெயர் வேண்டும். நான் பராமரித்த கோயில் உறுப்பினர் பட்டியலில் இந்த ஊர்ப் பெயரை முதலில் சேமித்தபோது ஒரு பின்சாய்வு ஒட்டிக்கொண்டது. தொலைபேசி எண்ணைத் திருத்திச் சேமித்ததும் மூன்று. அடுத்த திருத்தத்தில் ஏழு. உறை ஒட்டிய அம்மையார், ஊர்ப் பெயருக்கு நடுவே ஏன் வேலி போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். ‘மிகைவிலக்கு’ சரிப்படுமா?