ஏர்போர்ட்டுல நடுராத்திரி டேக்ஸி, யாருக்காச்சும் இப்படி ஆயிருக்கா?

யீஷூன்வாசி:
டிசம்பர்ல திருச்சி ஃப்ளைட்டு, அம்மாவோட சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்டுல இறங்குறப்ப மணி ஒன்னு. டேக்ஸி க்யூ அனுமார் வாலு. ஒருத்தன் பக்கத்துல வந்து தமிழ்லயே "யீஷூன் தானேம்மா, எம்பது வெள்ளி (டாலர்), பெரிய வண்டி, உடனே கெளம்பலாம்"ங்கிறான். நாங்க இருக்குற ஏரியா யீஷூன்னு நான் வாயே தொறக்கல! அம்மாவும் "தெரிஞ்ச தம்பி போல"ன்னு அவன் பின்னாடியே கார்பார்க்குக்கு நடந்துட்டாங்க. வீட்டு புளாக்கு கீழ இறங்குனதும் "ஆளுக்கு எம்பது"ன்னான். பெட்டி அவன் டிக்கில, அம்மாவுக்கு கால் வலி, குடுத்துட்டேன். வீட்ல வந்து பாத்தா அட்டைப்பெட்டி மேல மாமா மார்க்கர்ல யீஷூன், புளாக் நம்பர் எல்லாம் கொட்டை எழுத்துல எழுதி வச்சிருக்கார்.

தேக்கா தம்பி:
நடுராத்திரின்னா மிட்நைட் சார்ஜ் வரும்லா, இதுக்குப் போயி ஸ்கேம்ங்கிறீங்க.

புக்கிட்பாத்தோக் அக்கா:
தம்பி முழுசா படிச்சிட்டு பேசு, அவன் வண்டில மீட்டரே இல்ல. எனக்கு சையத் ஆல்வி ரோட்டுல நெஜ டேக்ஸிலயே ஆச்சு. ஏறி உக்காந்தப்புறம் பாக்குறேன், அங்கிள் மீட்டர் மேல மூஞ்சி தொடைக்கிற துண்டப் போட்டு மூடி வச்சிருக்கார், "மீட்டர் ஸ்பாயில், முப்பது குடு"ங்கிறார். இறங்கிட்டேன். அந்தப் பச்சைத் துண்டு இன்னும் கண்ணுலயே நிக்குது.

ஒம்பது வருஷ டிரைவர்:
நானும் டேக்ஸி ஓட்டுறவன்தான். போன வாரம் ஒரு அக்கா ரசீதப் பாத்துட்டு என்னையும் திருடன்னாங்க. 12 மணிலேர்ந்து காலைல 6 வரைக்கும் மீட்டர் காசுல பாதி மேல ஏறும், 50%. சாங்கிலேர்ந்து ஏறுனா அதுக்குத் தனியா 6லேர்ந்து 8 வெள்ளி, நேரத்தப் பொறுத்து. ஈஆர்பி, அதாவது ரோட்டு டோல், வேற. எல்லாம் ரசீதுல வரும், கேட்டு வாங்குங்க. டேக்ஸி நம்பர் எஸ்எச்ல ஆரம்பிக்கும். ஆப் கார்னா ஆப்ல புக் பண்ணாதான் ஏறலாம், ரோட்டுல கை காட்டி ஏத்துனா அது சட்டவிரோதம், கண்ணாடில ஸ்டிக்கர் இருக்கான்னும் பாருங்க. பெரிய வண்டி வேணுமா, அரைவல் ஹால்லயே கவுண்டர் இருக்கு, ரேட்டு முன்னாடியே சொல்லிருவாங்க. கார்பார்க்குக்கு கூப்புடுறவன் வண்டில அடிபட்டா இன்சூரன்சும் கெடைக்காம போகலாம்.

யீஷூன்வாசி:
அண்ணே அந்த கவுண்டர் அன்னிக்கு கண்ணுல படலையே. அடுத்த மாசம் அம்மா திரும்ப வர்றாங்க, பெட்டில பேரு மட்டும் எழுதச் சொன்னேன். மாமா போட்டோ அனுப்பிருக்கார், பேருக்குக் கீழ யீஷூன்.