சோதனை எலியின் சிறுநீரகம் மீள்கிறதா, தேறுகிறதா? (வெள்ளிக்குள் வேண்டும்)

எலகங்காவிலிருந்து:
பெங்களூருத் தமிழ் நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஆய்வகத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் வரப்போகிறார்கள். கன்னடச் சுவரொட்டி தயார், தமிழ் இன்னும் முடியவில்லை. விஷயம் இதுதான்: எலிக்குத் தீனியில் அடினைன் என்ற வேதிப்பொருளைக் கலந்து கொடுக்கிறார்கள். பெரிய எலிக்கு வழக்கமாக 0.75 சதவீதம், சுண்டெலிக்கு 0.2 சதவீதம். உடலில் ஒரு நொதி அதை 2,8-டைஹைட்ராக்சி அடினைன் ஆக்குகிறது. அது எளிதில் கரையாது. சிறுநீரக நுண்குழாய்களில் படிகமாக அடைத்துக்கொள்ள, அழற்சியும் தழும்புத் திசுவும் வருகின்றன; இரத்தத்தில் யூரியா, கிரியாட்டினின் ஆகிய கழிவுப்பொருள்கள் ஏறுகின்றன. அடினைனை நிறுத்தினால் இவை ஓரளவு இறங்கும், தழும்பு பெரும்பாலும் தங்கிவிடும். ‘உணவு தூண்டிய சிறுநீரகச் சேத எலி மாதிரியும் மீட்பும்’ என்று தலைப்பு வைத்திருக்கிறேன். நாக்கில் நிற்கவில்லை. நல்ல தமிழ்த் தலைப்பு சொல்லுங்கள்.

மல்லேசுவரத்திலிருந்து:
தம்பி, ‘மீட்பு’ பிறவினை. யாராவது போய் மீட்க வேண்டும். அடினைனை நிறுத்தியதும் உறுப்பு தானாகத் திரும்புவது மீட்சி. ஆள், ஆட்சி, மீள், மீட்சி. அப்புறம் கூண்டு எலிக்கு என்ன ‘உணவு’? தானே தேடிப் பிடித்தால் இரை, நாம் வைத்தால் தீனி.

அல்சூரிலிருந்து:
‘தீனி’ என்றால் பிள்ளைகளுக்கு நொறுக்குத்தீனிதான் ஞாபகம் வரும். முறுக்கு தின்றால் கிட்னி போய்விடும் என்று வீட்டில் போய்ச் சொல்வார்கள். அதைவிட மோசம் ‘எலி மாதிரி’. எலியைப் போல என்றல்லவா படிக்கத் தோன்றுகிறது? அதே சுவரொட்டியில் ‘சிறுநீர் மாதிரி’ வேறு வரும். ‘மாடல்’ என்பதற்கு ஒப்புரு என்று போடலாமே.

ஒயிட்ஃபீல்டிலிருந்து:
ஒப்புரு எனக்கே புரியவில்லை. ‘சோதனை எலி’ போதும். ‘மீட்சி’யை மருத்துவராக நான் ஏற்க மாட்டேன், முழுதும் பழைய நிலைக்கு வந்தது போல ஒலிக்கிறது. நுண்குழாயின் உட்சுவர் உயிரணுக்கள் புதிதாக வளரும். ஆனால் இரத்தத்தை வடிகட்டும் நுண்ணலகான நெஃப்ரானே முழுதாக அழிந்துவிட்டால் அதற்கு ஈடாக இன்னொன்று முளைக்காது. எலியும் சரி, நாமும் சரி, வளர்ந்த பிறகு புது நெஃப்ரான் கிடையாது. புறநோயாளிப் பிரிவில் தினமும் கேட்கிறோமே, “உடம்பு தேறிடுச்சா?” என்று. அந்தச் சொல்லே சரி.

அல்சூரிலிருந்து:
அருமை அம்மா! தேறுதல் என்றால் தெளிதலும்தான். கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை இழைத்தால் வண்டல் அடியில் தங்கி மேல்நீர் தெளியும். கிரியாட்டினின் இறங்குகிறது, தழும்பு அடியில் கிடக்கிறது. இதைவிடப் பொருத்தம் உண்டா? ‘தீனிவழிச் சிறுநீரகச் சேதமும் தேறலும்’ என்று போடுங்கள்.

மல்லேசுவரத்திலிருந்து:
‘தேறல்’ கள்ளின் தெளிவு ஐயா! சங்கப் பாட்டில் மன்னனும் பாணனும் குடித்தது. பள்ளிப் பிள்ளைகளின் சுவரொட்டியில் கள்ளா? எலிக்குஞ்சு என்று எங்காவது எழுதியிருந்தால் அதையும் திருத்துங்கள். தொல்காப்பிய மரபியல்படி எலிக்குக் குட்டி, பறழ் என்றாலும் குற்றமில்லை.

ஜெயநகரிலிருந்து:
எல்லாரும் ‘அடினைன்’ஐ விட்டுவிட்டீர்கள். 1885இல் ஆல்பிரெக்ட் காசெல் மாட்டின் கணையத்திலிருந்து பிரித்து, சுரப்பிக்கான கிரேக்கச் சொல்லைக்கொண்டு பெயர் வைத்தார். நாம் ‘சுரப்பியம்’ என்னலாமே. ‘நெஃப்ரான்’ என்று எழுதக் கையும் கூசவில்லை போலும்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து:
அடினைன் கணையத்தில் மட்டுமா இருக்கிறது? எல்லா உயிரணுவின் மரபுப்பொருளிலும் உண்டு. சுரப்பியம் என்றால் இன்சுலின் போல ஒன்று என்று நினைப்பார்கள். பழைய பெயரின் குழப்பத்தை நாம் ஏன் மொழிபெயர்த்து வைக்க வேண்டும்?

எலகங்காவிலிருந்து:
ஐயா, அம்மா, அச்சகம் காத்திருக்கிறது. எண்ணிப் பார்த்ததில் ‘சோதனை எலிகளில் தீனிவழிச் சிறுநீரகச் சேதமும் பகுதித் தேறுதலும்’ என்பதற்கே ஆதரவு அதிகம். முறுக்குப் பயத்துக்காகத் தலைப்புக்குக் கீழேயே ‘அடினைன் கலந்த தீனி’ என்று ஒரு வரி சேர்க்கிறேன். அடினைன் அடினைனாகவே இருக்கட்டும்.

ஜெயநகரிலிருந்து:
என் மறுப்பைப் பதிவு செய்யவும்.

மல்லேசுவரத்திலிருந்து:
‘பகுதித் தேறுதல்’ என்றால் பாதிப் பாடத்தில் தேறிய மாணவன் மாதிரி இருக்கிறது. ‘குறைமீட்சி’யை யாரும் யோசிக்கவே இல்லையே?