கேம்பிங் டாய்லெட் வால்வு இறுகிவிட்டது, என்ன செய்யலாம்?

வணக்கம். கடலூரில் கெடிலம் ஆற்றையொட்டி எங்கள் வீடு. 2015 வெள்ளத்தில் கழிப்பறைத் தண்ணீர் எதிர்த்து ஏறியதை அம்மா இன்னும் மறக்கவில்லை. அதனால் போன ஐப்பசியில் ஒரு கேம்பிங் டாய்லெட் (தூக்கிச் செல்லும் கழிப்பறை) வாங்கினோம். மேலே தண்ணீர்த் தொட்டி, கீழே 20 லிட்டர் கழிவுத் தொட்டி, நடுவில் இழுத்துத் திறக்கிற வால்வு.

மழை முடிந்ததும் கழுவிப் பரணில் போட்டேன். வால்வின் ரப்பர் வளையத்துக்கு எதுவும் தடவி வைக்கவில்லை, என் சோம்பேறித்தனம்தான். இப்போது வால்வு நகர மாட்டேன் என்கிறது; முக்கி இழுத்தால் ஓரத்தில் கசிகிறது. பிளீச்சிங் பவுடர் ரப்பரை அரிக்கும் என்பதால் அதைத் தொடவில்லை. சிலிகான் ஸ்ப்ரே போதுமா, வளையத்தையே மாற்ற வேண்டுமா? கடலூரிலோ பாண்டியிலோ அது தனியாகக் கிடைக்குமா?

அப்புறம், நாற்றம் வராமல் இருக்கக் கழிவுத் தொட்டியில் ஊற்றும் நீல மருந்து கலந்த கழிவை எங்கே கொட்டுகிறீர்கள்? அதில் பார்மால்டிஹைடு இருந்தால் செப்டிக் டேங்கில் கழிவை மக்க வைக்கும் பாக்டீரியா செத்துவிடுமே. பார்மால்டிஹைடு இல்லாத பச்சை மருந்து பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள். ஐப்பசிக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது.