80 பேர் போய் 81 பேர் திரும்பிய பட்டாளம்

படைக்கலன்: நேற்று ஒருவர் எழுதுகிறார், ஆஸ்திரியாவுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவே உள்ள குட்டி நாடான லிச்சென்ஸ்டைனில் ராணுவ அதிகாரி வேலை என்றால் மாமனார் வீட்டு விருந்தாம். 1866-இல் ஆஸ்திரிய-பிரஷ்யப் போருக்கு 80 பேரோடு போய் 81 பேராகத் திரும்பிய கதைதான் ஆதாரமாம். அந்தப் படையை நடத்திப் போனவர் லெப்டினன்ட் பீட்டர் ரைன்பெர்கர். காவல் இருந்த இடம் ஆல்ப்ஸ் மலையில் இத்தாலி எல்லையை ஒட்டிய ஸ்டெல்வியோ கணவாய்ப் பக்கம். கணவாயின் உயரம் 2,757 மீட்டர். அங்கே எந்த மாமனார் சமைத்துப் போட்டார்?

வெண்ணிலவன்: எழுதியவன் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். சுடவும் இல்லை, சாகவும் இல்லை. நட்பாகிப் போன இத்தாலிக்காரன் ஒருவன் கூடவே வந்துவிட்டான். அவன்தான் 81.

படைக்கலன்: இத்தாலிக்காரன் இல்லை. ஆஸ்திரியாக்காரன்.

காவேரிக்கரை: முதலில் அந்த 80-இல் ரைன்பெர்கர் சேர்த்தியா, இல்லையா?

படைக்கலன்: கணக்குப்பிள்ளை வந்துவிட்டார். ஐயா, லிச்சென்ஸ்டைன் ஜெர்மன் நாடுகள் சேர்ந்த ஜெர்மன் கூட்டமைப்பில் இருந்ததால் படை வைத்தே ஆகவேண்டிய கட்டாயம். கூட்டமைப்பு உடைந்தது, 1868-இல் படையையும் கலைத்தார்கள். ஒரு அதிகாரிக்குத் தன் படையே இல்லாமல் போவது உங்களுக்கு விருந்தா? மனுஷன் அப்புறம் பொறியாளராகத்தான் காலத்தை ஓட்டினார். 81-வது ஆள் ஆஸ்திரியர்.

தெருப்பாடகன்: பீட்டர் ரைன்பெர்கரின் தம்பிதான் இசையமைப்பாளர் யோசெப் ரைன்பெர்கர். ஆர்கன் இசை கேட்பவர்களுக்குத் தெரியும்.

வெண்ணிலவன்: தம்பி புண்ணியத்தில்தான் அண்ணன் பெயரே வெளியே தெரிகிறது. 81 இத்தாலியன்.

மொழிக்காவலன்: அது 'லீக்டன்ஷ்டைன்'. பெயரைச் சரியாக எழுதத் தெரியாதவர்களுக்குப் போர் எதற்கு?

படைக்கலன்: போன மாதம் மொனாக்கோ திரியிலும் இதே எழுத்துப்பிழை வேட்டைதான். மொனாக்கோ இளவரசரின் காவல்படையான காராபினியே படையின் அதிகாரிகள் பிரெஞ்சு ராணுவத்தில் பயிற்சி பெற்றவர்கள் என்றேன். பதில் வந்ததா? 'காராபினியே'க்குக் கால் போட வேண்டுமா என்றுதான் கேட்டீர்கள்.

மொழிக்காவலன்: இன்னமும் தப்பாகத்தான் எழுதுகிறீர்கள்.

வெண்ணிலவன்: 2007-இல் சுவிஸ் சிப்பாய்கள் 170 பேர் இருட்டில் வழிதவறி எல்லைக்குள் போனார்களே, லிச்சென்ஸ்டைனில் யாருக்காவது தெரிந்ததா? இதுதான் உங்கள் வீரபூமி.

படைக்கலன்: 139 வருஷம் முன்பே படையைக் கலைத்த நாட்டில் யார் ஐயா காவல் நிற்பது? பேச்சை மாற்றாதீர்கள். ஆஸ்திரியர்.

காவேரிக்கரை: ரைன்பெர்கர் சேர்த்தியா என்று கேட்டேன்...

வெண்ணிலவன்: இத்தாலியன்.

படைக்கலன்: சாயங்காலம் வருகிறேன். அதற்குள் திரியைப் பூட்டாதீர்கள்.