இடிஎம்எஃப் காட்டும் 100 சதவீதத்தை எப்போது நம்பலாம்?

மருத்துவ ஆய்வின் முக்கிய ஆவணங்களின் தொகுப்பான டிரையல் மாஸ்டர் ஃபைலை (டிஎம்எஃப்) மென்பொருளில் வைத்தால், அதாவது இடிஎம்எஃப் ஆக்கினால், முதலில் கண்ணில் படுவது நிறைவு சதவீதம்தான். அதை அப்படியே நம்ப வேண்டாம். 'வர வேண்டியவை' பட்டியலில் உள்ளவற்றில் எத்தனை வந்தன என்பதைத்தான் அது காட்டும். பட்டியலில் சேர்க்காத ஆவணம் வராமல் போனால் அதில் தெரியாது.

புரோட்டோகால் அமெண்ட்மென்டில், அதாவது ஆய்வுத் திட்டத்தைத் திருத்தும்போதுதான், இந்த ஓட்டை பெரிதாகும். 12 சைட் (ஆய்வு நடக்கும் இடங்கள்), ஒவ்வொன்றுக்கும் தனி எத்திக்ஸ் கமிட்டி (ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு) என்று வைத்துக்கொள்ளுங்கள். கமிட்டியின் அனுமதிக் கடிதம், முதன்மை ஆய்வாளர் கையெழுத்திட்ட பக்கம், பயிற்சிப் பதிவு, ஒப்புதல் படிவத்தின் புதிய பதிப்பு என்று சைட்டுக்கு 4 வீதம் 48 ஆவணங்கள் வர வேண்டும். அமெண்ட்மென்ட் இறுதியான அன்றே 48 பிளேஸ்ஹோல்டரையும் (வர வேண்டிய ஆவணத்துக்கான காலி இடம்) திறந்து, எதிர்பார்க்கும் தேதியையும் போடுங்கள். சதவீதம் சட்டென்று இறங்கும். இறங்கட்டும், உண்மை நிலை அதுதான்.

*

இதோடு தேதியையும் சேர்த்துப் பாருங்கள். அனுமதிக் கடிதத்துக்குக் கடிதத்தில் உள்ள தேதியைத்தான் ஆவணத் தேதியாகக் கொடுக்க வேண்டும். ஸ்கேன் செய்த தேதியைப் போட்டுவிட்டால், அனுமதி வரும் முன்பே நோயாளியைச் சேர்த்தது போலத் தோன்றும். ஆய்வு ஒழுங்காக நடந்திருந்தும் இன்ஸ்பெக்டரிடம் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

அடுத்தது இரட்டைப் பதிவு. ஆவணங்களை வகைப்படுத்தும் பொது அமைப்பான டிஎம்எஃப் ரெஃபரன்ஸ் மாடலில் 11 மண்டலங்கள். ஆய்வு, நாடு, சைட் என்று மூன்று மட்டங்கள். எந்த ஆவணம் எந்த மட்டத்துக்கு என்று தொடக்கத்திலேயே எழுதி வைக்காவிட்டால், ஒரே கடிதத்தை ஒருவர் நாட்டு மட்டத்திலும் இன்னொருவர் சைட் மட்டத்திலும் ஏற்றிவிடுவார். பிறகு ஒன்றை நீக்கினாலும் ஆடிட் டிரெயிலில் (யார், எப்போது, என்ன மாற்றினார் என்ற பதிவு) அது நிற்கும். அதனால் நீக்கும்போது காரணத்தைத் தெளிவாக எழுதுங்கள். 'தவறு' என்ற ஒற்றைச் சொல் போதாது.

*

அணுகல் உரிமையையும், அதாவது எதை யார் பார்க்கலாம் என்பதையும், மறக்க வேண்டாம். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மறைத்து நடத்தும் பிளைண்டட் ஆய்வில், யார் எந்தச் சிகிச்சைக் குழு என்று காட்டும் ரேண்டமைசேஷன் பட்டியல் தனிப் பகுதியில், குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் தெரியும்படி இருக்க வேண்டும். உள்ளடக்கத்தைப் பூட்டினால் மட்டும் போதாது, கோப்பின் பெயரே குழுவைக் காட்டிக்கொடுக்கலாம். நோயாளிகளின் பெயரையும் குறியீட்டெண்ணையும் இணைக்கும் பட்டியல் ஆய்வாளரிடமே இருக்க வேண்டியது. ஆய்வுக்குப் பொறுப்பான நிறுவனமான ஸ்பான்சரின் இடிஎம்எஃப்-இல் அதற்கு பிளேஸ்ஹோல்டர் திறந்தால் சைட்டில் யாராவது நல்லெண்ணத்தோடு ஏற்றிவிடுவார்கள்.

காப்பகத்துக்கு அனுப்புவதும் சுலபமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 536/2014 விதிப்படி ஆய்வு முடிந்த பின் குறைந்தது 25 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அத்தனை காலம் அதே மென்பொருள் இருக்கும் என்று எண்ணக் கூடாது. பிடிஎஃப் கோப்புகளோடு மெட்டாடேட்டா (ஆவணத்தின் தேதி, சைட் போன்ற விவரங்கள்), ஆடிட் டிரெயில் இரண்டையும் ஏற்றுமதி செய்து, மென்பொருளுக்கு வெளியே திறந்து பாருங்கள். கோப்புகள் மட்டும் வந்து, எது எந்த சைட்டுடையது என்ற இணைப்பு அறுந்திருந்தால் அந்த ஏற்றுமதியை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.